விண்ணப்பத்தை வாசிக்கப் போவது யார்?

நிலாவெளி என்றதும் வெளியூர்க்காரருக்குக் கடற்கரையும் புறாமலையும்தான் நினைவுக்கு வரும். அதே நிலாவெளியின் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே பிரயோக விஞ்ஞான பீடத்தில் பௌதிகவியலும் இலத்திரனியலும் படிக்கும் பிள்ளைகள் மூதூர், கிண்ணியாவிலிருந்தும் மட்டக்களப்பு, யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் தென்பகுதியிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள். ஐப்பசி மழை தொடங்கும் நாட்களில் இறுதியாண்டுப் பிள்ளைகள் சிலரும் அண்மையில் பட்டம் முடித்தவர்கள் சிலரும் ஒரே கேள்வியோடு வருவார்கள். பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் செய்ய வேண்டும்; வெளிநாட்டில் எங்கே விண்ணப்பிக்கலாம்? அமெரிக்கத் துறைகளில் பெரும்பாலானவற்றின் இறுதி நாள் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கத்துக்குள் வரும். கிழக்கில் மழை அடித்துப் பெய்யும் வாரங்களும் அவைதான்.

இந்தக் கேள்விக்கு ஊரில் இரண்டு பதில் உண்டு. "பெரிசா யோசி, எம்.ஐ.டி.க்கும் போடு" என்பது ஒன்று. "அதெல்லாம் நமக்குச் சரிவராது, ஆசிரியர் நியமனம் வரும், பொறுத்திரு" என்பது மற்றது. இரண்டும் அன்பினால் சொல்லப்படுபவைதான். ஆனால் இரண்டுமே பிள்ளையை நடுவழியில் விட்டுவிடுகின்றன. முதலாவது, உலகத்திலேயே நெரிசல் கூடிய வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கதவு திறக்காதபோது உன் தகுதி அவ்வளவுதான் என்று நினைக்க வைக்கிறது. இரண்டாவது, வாசலே இல்லை என்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்பது என் எண்ணம். சாத்தியமான இடம் எது என்பதைத் தரவரிசைப் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நம் விண்ணப்பத்தை வாசித்து, அதில் இருப்பதை விளங்கிக்கொள்ளக்கூடிய ஓர் ஆள் எங்கே இருக்கிறாரோ, அந்த இடம்தான் நமக்குச் சாத்தியமான இடம். அது பட்டியலின் நடுவிலும் இருக்கலாம், சில வேளை உச்சியிலும் இருக்கலாம். ஆளைத் தேடாமல் இடத்தைத் தேடுவதால்தான் பணமும் காலமும் மனமும் வீணாகின்றன.

*

விண்ணப்பம் எப்படி வாசிக்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். இணையப் படிவத்தில் படித்த நிறுவனத்தின் பெயரைத் தெரிவுசெய்ய ஒரு பட்டியல் விரியும். 'ஈஸ்டர்ன்' என்று தட்டினால் ஈஸ்டர்ன் மிச்சிகன் வரும், ஈஸ்டர்ன் கென்டக்கி வரும், ஈஸ்டர்ன் வாஷிங்டன் வரும். பென்சில்வேனியாவில் வெறுமனே ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் என்றே ஒன்று இருக்கிறது. வந்தாறுமூலையைத் தலைமையிடமாகக் கொண்ட நம் பல்கலைக்கழகத்தையும், அதன் கீழே நிலாவெளியில் இயங்கும் வளாகத்தையும் அந்தப் பெயர்க் கூட்டத்துக்குள் தேடிப் பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் 'மற்றவை' என்ற கட்டத்தில் கையால் எழுத வேண்டும். மறுமுனையில் வாசிப்பவருக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லாது.

அந்த வாசிப்பவர் யார்? துறையின் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்த ஒரு குழு. தங்கள் வகுப்புகளுக்கும் ஆய்வுக்கும் இடையில், சில வாரங்களுக்குள், நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களிலிருந்து இருபது முப்பது பேரைப் பொறுக்க வேண்டியவர்கள். அமெரிக்காவில் பௌதிகவியல் கலாநிதி மாணவர் பொதுவாகக் கல்விக் கட்டணம் கட்டுவதில்லை. கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை செய்து மாதாந்தக் கொடுப்பனவு பெறுகிறார். ஐந்து, ஆறு ஆண்டுகளுக்கு ஒருவரைத் தாங்குவதாகத் துறை வாக்குக் கொடுக்கிறது. முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களிலோ தகுதிகாண் பரீட்சையிலோ அவர் விழுந்துவிட்டால் இரு தரப்புக்கும் இழப்பு. ஆகவே குழு திறமையை மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு நிச்சயத்தோடு இவரை எடுக்கலாம் என்றும் பார்க்கிறது. எங்கிருந்து வருகிறார் என்பதே தெரியாத ஒருவரைப் பற்றி நிச்சயம் பிறப்பது கடினம். இதில் நம்மை இழிவுபடுத்தும் எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. தெரியாமை மட்டுமே போதும்.

ஒரு துறை ஏற்கெனவே ஓர் இலங்கை மாணவரை எடுத்து, அவர் நன்றாகச் செய்திருந்தால், அங்கே நிலைமை வேறு. சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் துகள் பௌதிகவியலாளர் ரோஹன விஜேவர்தன, ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அகச்சிவப்புக் கதிர் உணரிகளில் பெயர்பெற்ற உனில் பெரேரா என இலங்கையர் நெடுங்காலம் பேராசிரியர்களாக இருந்த துறைகள் உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் சலுகை கிடைக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். கிடைப்பது சலுகையை விடப் பெரியது. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு என்றால் என்ன, நான்காண்டு விசேட பட்டத்துக்கும் மூன்றாண்டுப் பொதுப் பட்டத்துக்கும் என்ன வேறுபாடு, நம் பரீட்சைகளில் 'ஏ' எடுப்பது எவ்வளவு கடினம் என்பதையெல்லாம் அங்கே முதலிலிருந்து விளக்கத் தேவையில்லை.

ஆகவே முதல் வேலை, துறைகளின் இணையப் பக்கங்களில் இப்போதைய மாணவர் பெயர்களையும் பட்டம் முடித்தவர் பெயர்களையும் பொறுமையாகப் பார்ப்பது. நம் நாட்டுப் பெயர் ஒன்று கண்ணில் பட்டால் அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதலாம். கொடுப்பனவு வாடகைக்குப் போதுமா, பட்டம் முடிக்கச் சராசரியாக எத்தனை ஆண்டு ஆகிறது, எந்தப் பேராசிரியர் இப்போது மாணவர் எடுக்கிறார், யார் ஓய்வுக்கு நெருங்கிவிட்டார் என்பதெல்லாம் எந்தத் தரவரிசையிலும் வராத செய்திகள். எழுதினால் பெரும்பாலானோர் பதில் எழுதுகிறார்கள்.

*

இராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதைவிட நம் காலத்து விண்ணப்பதாரருக்கு உதவக்கூடியது, குறைவாகச் சொல்லப்படும் இன்னொரு கதை. 1928 இல் ஜேர்மனியப் பௌதிகவியலாளர் ஆர்னோல்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அவரைத் தேடிப்போய்ச் சந்தித்தார். சோமர்ஃபெல்டின் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த பையனிடம், நீ படித்த குவாண்டம் கொள்கை பழையதாகிவிட்டது என்று அவர் சொன்னார். உலோகங்களில் இலத்திரன்கள் பற்றித் தாம் எழுதி, இன்னும் வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப் படிகளையும் கொடுத்துவிட்டுப் போனார். சந்திரசேகர் அதிலிருந்து புதிய புள்ளியியலைத் தானாகவே கற்று, அடுத்த ஆண்டே ஒரு கட்டுரை எழுதினார்.

அந்தக் கட்டுரையை யாருக்கு அனுப்பினார் என்பதில்தான் நமக்குரிய பாடம் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் ரால்ஃப் ஃபவுலர் 1926 இல் அதே புள்ளியியலை வெண்குறு விண்மீன்களுக்குப் பொருத்தி எழுதியிருந்தார். தன் கட்டுரையை உடனே விளங்கிக்கொள்ளக்கூடிய மனிதர் அவர்தான் என்று கண்டுகொண்டு சந்திரசேகர் அவருக்கே அனுப்பினார். ஃபவுலர் வழியாக அது ரோயல் சொசைட்டியின் சஞ்சிகையில் வெளிவந்தது. 1930 இல் அரசாங்கப் புலமைப்பரிசிலோடு கப்பலேறிய பத்தொன்பது வயது இளைஞருக்குக் கேம்பிரிட்ஜில் மேற்பார்வையாளர் யார் என்ற கேள்வியே எழவில்லை. அவர் போய் இறங்குமுன்னரே அங்கே ஒருவர் அவரை வாசித்திருந்தார்.

இந்தக் கதைக்கு இன்னொரு பாதியும் உண்டு. 1935 ஜனவரியில் லண்டனில் ரோயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தன் முடிவைச் சொன்னார். ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேற்பட்ட விண்மீன் வெண்குறு விண்மீனாக அடங்க முடியாது என்பது அது. அக்காலத்தின் மிகப் பெரிய வானியலாளரான எடிங்டன் அதைக் கூட்டத்திலேயே கேலிசெய்து தள்ளினார். 1937 இல் சந்திரசேகர் அமெரிக்காவுக்குப் போனார். சேர்ந்த இடம் விஸ்கான்சினில் வில்லியம்ஸ் பே என்ற சிற்றூரில் இருந்த யேர்க்கிஸ் வானாய்வகம். ஏரிக்கரையில் ஒரு கிராமம், பெரிய நகரத்தின் ஆரவாரம் எதுவும் இல்லை. அதன் பணிப்பாளர் ஒட்டோ ஸ்ட்ரூவ அவருக்கு இடம் கொடுத்தார், மதிப்புக் கொடுத்தார். அவருடைய பெரும் நூல்கள் பல அங்கிருந்த ஆண்டுகளில் பிறந்தவை. 1983 இல் நோபல் பரிசு வந்தது. மிகப் புகழ்பெற்ற இடமே ஒரு மாணவருக்கு மிக உகந்த இடமாக இருக்கும் என்ற நம்பிக்கையை இதைவிடத் தெளிவாக எந்த வாழ்க்கை மறுக்க முடியும்?

இலங்கையிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் கொழும்பிலிருந்து கேம்பிரிட்ஜ் போய், மாணவர்களை அதிகம் எடுக்காத போல் டிராக்கின் கீழ் ஆய்வு செய்தார். கதிர்வீச்சை வெளியிடும் இலத்திரன் ஐதரசன் அணுவில் எப்படி நகரும் என்பது பற்றி 1943 இல் அவர் எழுதிய கட்டுரையின் முடிவு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. சந்திரசேகரும் எலியேசரும் கோட்பாட்டுப் பௌதிகவியலைத் தேர்ந்ததில் ஆர்வம் ஒரு பங்கு. கையில் இருந்ததும் ஒரு பங்கு. கடதாசியும் பேனாவும் நூலகமும் இருந்தால் செய்யக்கூடிய வேலை அது. கருவி இல்லாத நாட்டுப் பிள்ளைக்கு அன்று அதுவே சாத்தியமான வழி.

இன்று கணக்கு மாறிவிட்டது. இழைக் கோட்பாடும் அண்டவியலும் காணொளிகளில் அழகாக விளக்கப்படுகின்றன. நம் பிள்ளைகளில் பலர் அவற்றைப் பார்த்துத்தான் பௌதிகவியலுக்கே வந்திருக்கிறார்கள். அந்த ஆசை மதிக்க வேண்டிய ஆசை. ஆனால் அந்தத் துறைகளில் ஓர் இடத்துக்கு உலகமெங்குமிருந்து போட்டி. திண்மப் பொருட்களின் பௌதிகவியலிலும் பொருள் விஞ்ஞானத்திலும் ஒளியியலிலும் ஆய்வுக் குழுக்களும் கூட, ஆய்வு நிதியும் கூட. ஆய்வுகூடத்தில் வேலை செய்யக் கைகள் வேண்டியிருக்கின்றன. ஒரு பிள்ளையிடம் "கனவை விடு" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. "உனக்கு உண்மையாகவே பிடித்தது அந்தக் கேள்வியா, அந்தக் காணொளியா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டும்.

*

மூன்று பரிந்துரைக் கடிதங்கள் விண்ணப்பத்தோடு போக வேண்டும். நாம் அதிகம் கவனிக்காமல் விட்டுவிடும் இடம் இதுதான். நம் வழக்கத்தில் நல்ல கடிதம் என்பது நல்ல குணத்துக்குச் சான்று. "இவர் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, விரிவுரைகளுக்கு ஒழுங்காகச் சமுகமளித்தார், வகுப்பில் சிறந்த மாணவருள் ஒருவர்." எழுதியவர் மனமார எழுதியிருப்பார். தூரத்தில் உள்ள குழுவுக்கு இதிலிருந்து எதுவும் கிடைக்காது. அன்று வாசித்த மற்றக் கடிதங்களிலும் இதே வரிகள்தான்.

இன்னொரு விதமாகவும் எழுதலாம். "இறுதியாண்டு ஆய்வில் இவருடைய அளவீடு காலையில் ஒருமாதிரியும் மத்தியானத்தில் இன்னொருமாதிரியும் வந்தது. கருவி பழுது என்று நான் சொன்னேன். இவர் கேட்கவில்லை. ஒரு கிழமை மணிக்கு மணி பதிவுசெய்து, பக்கத்து அறைக் குளிரூட்டி வேலைசெய்யும் நேரத்தோடு ஒப்பிட்டு, பிழை மின்வழங்கலில் இருக்கிறது என்று காட்டினார். அதற்கு ஒரு வடிகட்டிச் சுற்றைத் தானே கட்டினார்." இப்படி ஒரு பத்தி இருந்தால், பல்கலைக்கழகத்தின் பெயர் தெரியாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடுகிறார். ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் எவரும் அந்தப் பத்தியில் தமக்கு வேண்டிய மாணவரைக் கண்டுகொள்வார். நம் ஆய்வுகூடங்களில் இப்படிப்பட்டவை நடக்காமல் இல்லை. கருவிகள் பழையவை என்பதாலேயே கூடுதலாக நடக்கின்றன. அவை கடிதத்துக்குள் ஏறுவதில்லை என்பதுதான் குறை. ஒரு பிள்ளை தயங்காமல் தன் ஆசிரியரிடம், "சேர், நான் அந்த நொய்ஸ் பிரச்சினையைக் கண்டுபிடிச்சதையும் எழுதுவீங்களா?" என்று கேட்கலாம். செய்தவற்றை ஒரு பக்கத்தில் குறித்துக் கொடுத்தால் ஆசிரியருக்கும் உதவி. கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

மாணவர் தாமே எழுதும் நோக்கக் கூற்றுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். சிறுவயதில் நட்சத்திரங்களைப் பார்த்து வியந்த கதையோடு தொடங்கும் கூற்றுகள் ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்கின்றன. எந்தக் கேள்வியில் வேலை செய்தேன், எங்கே சிக்கினேன், எப்படி வெளியே வந்தேன், உங்கள் துறையில் இன்னாருடைய இன்ன வேலை என் கேள்வியோடு எப்படி இணைகிறது என்று எழுதினால் வாசிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அந்த 'இன்னாருடைய இன்ன வேலை' என்ற வரியை உண்மையாக எழுத வேண்டுமென்றால், அவருடைய அண்மைய கட்டுரைகளை வாசித்திருக்க வேண்டும். ஆர்க்கைவ் தளத்தில் பௌதிகவியல் கட்டுரைகள் காசில்லாமல் கிடைக்கின்றன. நிலாவெளியில் இருந்துகொண்டும் வாசிக்கலாம். எட்டுத் துறைகளுக்கு இந்த வேலையைச் செய்து முடிக்கும்போது அவற்றில் சில தாமாகவே பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடும். எஞ்சுபவையே சாத்தியமான இடங்கள்.

*

பணத்தைப் பற்றிப் பேசாமல் சாத்தியத்தைப் பற்றிப் பேச முடியாது. ஒரு விண்ணப்பத்துக்கு 90 டொலர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு விண்ணப்பம் 720 டொலர். டொலர் 300 ரூபா என்ற கணக்கில் 2,16,000 ரூபா. ஆங்கிலப் பரீட்சைக்கும், கேட்கும் இடங்களுக்கு ஜி.ஆர்.ஈ. பரீட்சைக்கும் கட்டுவது வேறு. கொழும்புக்கு இரவு ரயிலில் போய்வரும் செலவு வேறு. 2022 இல் ரூபா சரிந்தபோது, ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ஐத் தொட்டது. சேர்த்து வைத்த காசில் பாதி விண்ணப்பத்தைத்தான் போட முடிந்தது என்ற நிலைக்குப் பிள்ளைகள் வந்தார்கள். கட்டண விலக்கைப் பல பல்கலைக்கழகங்கள் தம் நாட்டு மாணவருக்கே வைத்திருக்கின்றன. ஆனாலும் துறைச் செயலகத்துக்கு எழுதிக் கேட்டால் சில இடங்களில் கிடைக்கும். பௌதிகவியலுக்கான ஜி.ஆர்.ஈ. பரீட்சையை 2020 க்குப் பின் பல துறைகள் கைவிட்டுவிட்டன, அல்லது விருப்பத்துக்கு விட்டுவிட்டன. இதனால் செலவு குறைந்தது. ஒரு நட்டமும் உண்டு: பெயர் தெரியாத வளாகத்துப் பிள்ளை தன் பலத்தை ஓர் எண்ணால் காட்டக்கூடிய வாய்ப்பு அது. நன்றாகச் செய்யக்கூடியவர், விருப்பத்துக்கு விட்ட இடங்களிலாவது அதை எழுதுவது நல்லது.

அமெரிக்கா ஒன்றே வெளிநாடு என்ற எண்ணத்தையும் விட வேண்டும். 2025 இல் ஆய்வு நிதி வெட்டப்படும் என்ற அச்சத்தில் அங்கே சில பல்கலைக்கழகங்கள் கலாநிதி மாணவர் சேர்க்கையைக் குறைத்தன. ஒரே கூடையில் எல்லா முட்டையையும் வைக்க முடியாத காலம் இது. ஜேர்மனியிலும் நெதர்லாந்திலும் ஸ்கண்டிநேவிய நாடுகளிலும் கலாநிதி மாணவர் பெரும்பாலும் சம்பளம் பெறும் பணியாளர். இடங்கள் வேலை விளம்பரம் போல வருகின்றன, விண்ணப்பக் கட்டணம் பொதுவாக இல்லை. ஆனால் முதுமாணிப் பட்டம் வேண்டும். அமெரிக்காவில் குழு முடிவெடுக்கும். ஐரோப்பாவில் பெரும்பாலும் இடத்தை அறிவித்த பேராசிரியரே முடிவெடுப்பார். ஆகவே நேரே எழுதும் கடிதத்துக்கு அங்கே பலன் அதிகம்.

முதுமாணிக்கு எங்கே போவது? இத்தாலியின் திரியெஸ்தே நகரில் பாகிஸ்தானியப் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1964 இல் தொடங்கிய சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் மையத்தில் ஓராண்டு டிப்ளோமா இருக்கிறது. வளரும் நாடுகளின் மாணவரைக் கலாநிதிப் படிப்புக்குத் தயார்படுத்தவே 1991 இல் தொடங்கப்பட்டது அது. செலவை மையமே ஏற்கிறது. அதன் பின்னால் ஒரு மனிதரின் துயரம் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1951 இல் லாகூருக்குத் திரும்பிய சலாம், ஆய்வு பேச ஓர் ஆள் இல்லாத தனிமையைத் தாங்க முடியாமல் 1954 இல் மீண்டும் கேம்பிரிட்ஜுக்கே போனார். நாடா, பௌதிகவியலா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய அவலம் அடுத்தவருக்கு வரக்கூடாது என்றுதான் அந்த மையத்தைக் கட்டினார். நிலாவெளிப் பிள்ளையை மனதில் வைத்துக் கட்டப்பட்ட இடம் என்றே அதைச் சொல்லலாம். அங்கிருந்து வரும் பரிந்துரைக் கடிதத்தை எந்தக் குழுவும் வாசிக்கும்.

சுவீடனின் உப்சாலாவில் 1961 இல் தொடங்கிய சர்வதேச விஞ்ஞான நிகழ்ச்சித்திட்டம் இன்னொரு வழியாக இருந்தது. மாணவர் ஒரு பகுதிக் காலம் இங்கும் ஒரு பகுதிக் காலம் அங்கும் ஆய்வு செய்யும் முறையில் அது பலரை வளர்த்தது. பேராதனையின் திண்ம அயனியியல் ஆய்வுக்கும் சுவீடனுக்கும் இடையிலான உறவு நீண்டது. இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் வழியாக முதுமாணிக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் உண்டு. இரண்டு ஆண்டு சுற்றிப் போவதால் வாழ்க்கை பிந்திவிடும் என்று வீட்டில் கவலைப்படுவார்கள். அந்த இரண்டு ஆண்டில் நம்மை அறிந்த, நமக்காக எழுதக்கூடிய ஒருவர் உருவாகிவிடுகிறார் என்றால் அது பிந்தலே இல்லை.

வீட்டாரின் இன்னொரு கேள்வியையும் இங்கே சொல்ல வேண்டும். பெண் பிள்ளை போவதென்றால் தாய் கேட்பது ஒன்றுதான்: "அங்க நமக்கு ஆர் இருக்கிறாங்க?" படித்தவர்கள் இதைப் பழைய பயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என் பார்வையில் இந்தத் தேர்வின் மிகச் சரியான கேள்வி இதுதான். தாய் பாதுகாப்பை நினைத்துக் கேட்கிறாள். நாம் ஆய்வை நினைத்துக் கேட்க வேண்டும். பதில் ஒரே இடத்தில் கிடைக்கும்போது அந்தத் தாயும் சம்மதிப்பாள்.

*

எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போவது என்பதற்கு நிலாவெளியே ஓரளவு பதில் வைத்திருக்கிறது. வீதியில் இன்னும் வடக்கே, குச்சவெளியைத் தாண்டிப் போனால் புல்மோட்டை. அந்தக் கரையின் மணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் சேர்க்கோனும் கலந்திருக்கின்றன. இல்மனைட் இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு. நெடுங்காலமாக அதைப் பிரித்தெடுத்து மூலப்பொருளாகவே கப்பலேற்றி வருகிறோம். 1991 இல் சுவிட்சர்லாந்தில் மைக்கேல் கிரெற்செலும் பிரையன் ஓ'ரேகனும் ஒரு புதுவகைச் சூரியக் கலத்தை அறிவித்தார்கள். தைத்தேனியம் ஈரொட்சைட்டின் மிக நுண்ணிய துணிக்கைகளாலான படலத்தில் ஒரு சாயத்தை ஏற்றினால், சாயம் ஒளியை வாங்கி இலத்திரனைப் படலத்துக்குக் கொடுக்கும், அங்கிருந்து மின்னோட்டம். அந்தத் தைத்தேனியம் நம் மணலில் இருக்கும் தைத்தேனியம்தான். 1990களில் கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் கீர்த்தி தென்னக்கோன் இதே கலத்தைத் திரவம் இல்லாமல், செப்பு அயடைட்டைக் கொண்டு திண்ம நிலையில் செய்து காட்டி, உலகம் மேற்கோள் காட்டும் வேலையை இலங்கையிலேயே செய்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரவிராஜன் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜெனி நெல்சனின் குழுவில் பல்பகுதியமும் தைத்தேனியம் ஈரொட்சைட்டும் கலந்த கலங்களில் ஆய்வு செய்து, ஊர் திரும்பி, அதே ஆய்வை யாழ்ப்பாணத்தில் தொடர்ந்தார். நோர்வேயின் பேர்கனில் பணியாற்றும் பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளை, யாழ்ப்பாணம், பேராதனை, கோயம்புத்தூர் ஆகிய இடங்களை இணைத்துத் தூய சக்திக்கான கூட்டு ஆய்வு ஒன்றை நடத்தினார். ஹந்தானை, லண்டன், யாழ்ப்பாணம், பேர்கன் என்று ஒரு கேள்வியின் வழியே ஆட்கள் நிற்கிறார்கள். நிலாவெளியில் ஒரு பிள்ளை இறுதியாண்டு ஆய்வுக்கு இதே கேள்வியின் ஒரு சிறு நுனியைப் பிடித்தாலும், அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தை விளங்கிக்கொள்ள இத்தனை பேர் இருக்கிறார்கள்.

கடலும் அப்படித்தான். திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழத்துக்கு இறங்குகிறது. வங்காள விரிகுடாவின் மேல்நீர், ஆறுகளும் மழையும் கொண்டுவரும் நன்னீரால் இலேசாகி, கீழ்நீரோடு கலக்காமல் மிதக்கிறது. பருவமழையின் போக்கோடு அதற்குத் தொடர்பு உண்டு. அமெரிக்காவின் நொட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் பாய்ம இயக்கவியல் ஆய்வாளரான ஹரீந்திர பெர்னாண்டோ உட்படப் பலர் இந்தக் கடலை அளந்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி இந்தக் கரையில் ஏறிய அலை, நாலாயிரம் மீற்றர் ஆழக் கடலில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் வேகத்தில் வந்தது என்பதை உயர்தரப் பௌதிகவியலில் சில வரிகளில் கணக்கிடலாம். அந்த அலையில் உறவுகளை இழந்த குடும்பத்துப் பிள்ளை கடற் பௌதிகவியலைத் தேர்ந்தால், அதற்கு வேறு நோக்கக் கூற்றுத் தேவையில்லை. கடலியல் துறைகள் பௌதிகவியல் பட்டதாரிகளை விரும்பி எடுக்கின்றன என்பதும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

*

போனவர் திரும்புவாரா என்பது இதன் மறுபக்கம். எலியேசர் 1949 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரானார். பத்தாண்டு கழித்து மலாயாவுக்கும் பின்னர் மெல்பேர்ணுக்கும் போனார். 1956 இல் வந்த மொழிச் சட்டத்தையும் 1958 இன் கலவரத்தையும் நினைத்தால் அந்தப் பயணத்தைக் குறைசொல்ல மனம் வராது. அவருக்குப் பின்னால் எத்தனையோ பேர் போனார்கள். ஆனால் போனவர்கள் அறிவை மட்டும் கொண்டுபோகவில்லை. எப்படிப் போவது என்ற அறிவையும் தங்களோடு கொண்டுபோய்விட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையும் முதலிலிருந்து தேடுகிறது. மூத்தவர் ஒருவர் செய்த பிழையையே அடுத்தவரும் செய்து, அதே காசை இழக்கிறார்.

ஆகவே என் வேண்டுகோள் இரு தரப்புக்கும். வெளிநாட்டுத் துறைகளில் இருக்கும் நம்மவர்களே, உங்கள் பெயரோடு கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் துறைப் பக்கத்தில் குறித்து வையுங்கள். உங்கள் சேர்க்கைக் குழுவுக்கு எங்கள் பெறுபேற்றுத் தாளை ஒரு முறை விளக்கிச் சொல்லுங்கள். முன்பின் தெரியாத பிள்ளை எழுதும் மின்னஞ்சலுக்கு நாலு வரியாவது பதில் போடுங்கள். வளாகத்தில் இருப்பவர்களே, யார் எங்கே விண்ணப்பித்தார், எங்கே கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை, ஏன் என்று ஒரு பதிவேட்டை ஆண்டுதோறும் எழுதி வையுங்கள். கிடைக்காதவையும் அதில் இருக்க வேண்டும். அடுத்தவருக்குக் கூடுதலாக உதவுபவை அவைதான்.

இந்த மழைக்காலத்தில் படிவத்தைத் திறக்கும் பிள்ளைக்குச் சொல்ல ஒன்று உண்டு. ஒவ்வொரு இடத்துக்கும் காசு கட்டுமுன், உன் விண்ணப்பத்தை அங்கே வாசித்து விளங்கக்கூடியவர் யார் என்று ஒரு பெயரை எழுது. பெயர் கிடைக்காத இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு, அது எவ்வளவு பெரிய இடமாக இருந்தாலும். பெயர் கிடைத்த இடத்துக்குத் தயங்காமல் போடு, அது எம்.ஐ.டி.யாகவே இருந்தாலும். அனுமதி வந்து நிதியுதவியும் வந்தால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதே. நிதியுதவியோடு வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை காலம் தருவதாகப் பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தமக்குள் உடன்பட்டிருக்கின்றன. அந்த நாட்களில் அங்கே படிப்பவர்களோடு பேசு. பேசிய பிறகு முடிவெடு. போய்ச் சேர்ந்த பின், உனக்கு அடுத்து நிலாவெளியிலிருந்து எழுதப்போகும் பிள்ளைக்கு, அந்தத் துறையில் தேடக் கிடைக்கும் பெயராக நீ இரு.